பெட்டியுந் திறவுகோலும்

பெட்டியின் திறவுகோலை அப்பெட்டியினுள்ளே வைத்துப் பூட்டியவன் பின்னர் விழித்து நிற்பான். யானும் ஒருநாள் அங்ஙனம் விழித்தேன். அதனாற் பெற்ற அறிவினை ஈண்டுச் சுருங்க உரைப்பேன்.

என் பழங் கணிப்பொறியில் ஃப்ரீபிஎஸ்டி என்னும் இயங்குதளம் உளது. எழுதுதற்கும் படித்தற்கும் வேண்டிய செயலிகளைப் பொதிகளாக வருவித்து நிறுவுதலும் புதுப்பித்தலும் ‘பிகேஜி’ என்னும் பொதி மேலாளரின் தொழில். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் படித்தற்குரிய கட்டுரையொன்றை அப்பொறியில் எழுதிவந்தேன். இருநாளே எஞ்சியிருக்க, 13-ஆம் பதிப்பினை விடுத்து, 2023 நவம்பரில் வெளிவந்த 14-ஆம் பதிப்பிற்கு மாற விழைந்தேன். பொதிகளைப் புதுப்பித்த பின்னரே பழைய நூலகக் கோப்புகளை நீக்கல் வேண்டும். அவசரத்தால் முன்னதை மறந்து பின்னதைச் செய்தேன். செயலிகள் திறந்தில. மேலாளரை ஏவினேன், தனக்குரிய நூலகம் இல்லையெனக் கூறி அதுவும் ஒழிந்தது. நோயாளியைக் காணவந்த மருத்துவனும் அருகே வீழ்ந்தாற் போலாயிற்று!

மேலாளரைத் தளத்தின் உறுப்பாகவே அமைத்தால் என்னையெனின், முன்னர் அங்ஙனமே இருந்தது. தளம் நெடுநாட்கு ஒருமுறை வெளிவருவது. பொதிகளோ இடையறாது மாறுவன. மேலாளர் தளத்தோடு பிணிப்புண்டிருப்பின், புதிய வசதியொன்று யாவர்க்கும் பயன்படுதற்குப் பழம் பதிப்புகள் ஒழியுங்காறும் காத்திருத்தல் வேண்டும். ஆதலின் 2014 சனவரியில் வெளிவந்த 10.0 பதிப்பு முதலாகப் புதுமுறை இயல்பாயிற்று. தளத்தில் இருப்பது ஒரு சிறு வித்து மாத்திரமே. அது பொதிக் களஞ்சியத்தினின்று உண்மையான மேலாளரை வருவித்து, தளத்தோடு வந்த அடையாளங்கொண்டு அதன் கையொப்பத்தை ஆராய்ந்து நிறுவும். பின்னர் மேலாளரும் பொதிகளுள் ஒன்றேயாம். ஏனையவற்றைப் புதுப்பிக்குமுன் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்.

இம்முறையின் குறையையே யான் நேரிற் கண்டேன். எனினும் அதற்கு மருந்தும் உடனிருந்தது. வேண்டும் நூலகங்களைத் தன்னுள்ளேயே அடக்கிய ‘பிகேஜி-ஸ்டாட்டிக்’ என்னும் மற்றொரு வடிவம் மேலாளரோடு வருவது. அதனை ஏவி, பொதிகளனைத்தையும் மீள நிறுவினேன். நள்ளிரவிற் கட்டுரை திறந்தது. குறித்த நாளிற் படிக்கவும் பெற்றேன்.

ஆகவே, நம்புதற்குரிய வித்து தளத்தின்கண் இருத்தல் வேண்டும். வளர்வது வெளியே வளர்தல் வேண்டும். பிறிதொன்றையுஞ் சாராத கருவியொன்று எஞ்ஞான்றும் கைக்கண் இருத்தல் வேண்டும். பெட்டிக்குப் புறத்தே ஒரு திறவுகோல் வைத்தாரை வாழ்த்துகின்றேன். விதியை முழுதும் படியாது பூட்டிய என்னையே நொந்துகொள்கின்றேன்.