திறப்பைக் கொடுப்பதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

கலியாணத்துக்கு வர உனக்கு விசா கிடைத்துவிட்டதென்று கேட்டதிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் புழுகம். போனில் நீ கேட்ட ஒன்றுக்கு மட்டும் உடனே மறுமொழி சொல்லாமல் விட்டேன். "அண்ணை, அங்க வந்தா உங்கட காரை நான் ஓடலாமோ?" என்று கேட்டாய். ஓடலாம். ஆனால் அந்த ஓமுக்குப் பின்னால் எழுதிச் சொல்லவேண்டிய காரியங்கள் நிறைய இருக்கின்றன. இந்தக் கோடையில் ஊரிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் எத்தனையோ பேர் ஸ்காபரோவுக்கும் மார்க்கத்துக்கும் வரப்போகிறார்கள். எல்லோருக்கும் உதவட்டும் என்றுதான் இதை மடலாகவே எழுதுகிறேன்.

ஒன்ராறியோவில் காப்புறுதி காரோடு போகிறது. காரை இரவல் கொடுத்தால் காப்புறுதியையும் இரவல் கொடுத்தாய் என்றுதான் இங்குள்ள புரோக்கர்மார் சொல்வார்கள். செல்லுபடியான லைசென்ஸ் உள்ள ஒருவர் என் சம்மதத்தோடு என் காரை ஓடினால், அவருடைய பெயர் என் பத்திரத்தில் இல்லாவிட்டாலும் என் காப்புறுதி அவரைத் தாங்கும். எப்போதாவது ஒரு நாள் ஓடுகிறவருக்கென்று தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. அதே காரணத்தால், அவர் எங்காவது இடித்துவிட்டால் அந்த இடி என் பத்திரத்தில்தான் ஏறும். நான் அந்த நேரம் வீட்டில் நித்திரையாக இருந்திருந்தாலும் அப்படித்தான்.

லண்டனில் இருந்து வரும் எங்கள் ஆட்கள் இதைக் கேட்டு நம்பமாட்டார்கள். அங்கே காப்புறுதி பெரும்பாலும் ஆளோடு போகிறது. பத்திரத்தில் பெயர் இல்லாதவர் ஸ்டியரிங்கில் கை வைத்தால், கார் முழுக் காப்புறுதியில் இருந்தாலும் அவர் காப்புறுதி இல்லாமல் ஓடியவர்தான். பிடிபட்டால் 300 பவுண் தண்டம், லைசென்ஸில் 6 புள்ளிகள். கொடுத்த உரிமையாளரும் குற்றவாளி, ஏனென்றால் அப்படி ஓட விடுவதும் அங்கே அதே சட்டப்பிரிவில் வருகிறது. லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளிகள் சேர்ந்துவிட்டால் லைசென்ஸே பறிபோகும். அதனால்தான் லண்டன் பிள்ளைகள் சித்தப்பாவின் காரை ஒரு பின்னேரத்துக்கு எடுப்பதென்றாலும் போனில் ஒரு நாள் காப்புறுதி வாங்கிவிட்டு எடுக்கிறார்கள். அந்தப் பழக்கத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷம். ஓடுவதற்கு முன்னாலேயே யார் பொறுப்பு என்ற கேள்வி அவர்களுக்குள் எழுந்துவிடுகிறது. இங்கே சட்டம் தாராளமாக இருப்பதாலோ என்னவோ, அந்தக் கேள்வி இடித்த பிறகுதான் எழுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வீட்டில் ஒரு கொண்டாட்டம். மனைவியின் தம்பி மொன்றியலில் இருந்து வந்து நிற்கிறான். சாப்பாடு எடுத்துவர ஆள் வேண்டும். "அத்தான், வானைத் தாங்கோ, நான் போட்டு வாறன்" என்றான். அத்தான் திறப்பைக் கொடுத்தார். திரும்பி வரும் வழியில், ஃபிஞ்சும் மார்க்கம் வீதியும் சந்திக்கிற இடத்தில், மஞ்சள் விளக்கில் இடப்பக்கம் திரும்பினான். எதிரே நேராக வந்த கார் வானின் முன்பக்கத்தில் இடித்தது. எயர்பாக் பலூன்கள் வெடித்து உள்ளே வெள்ளைத் தூள் பறந்தது. அலுமினியத் தட்டுகளில் இருந்த றோல்ஸும் கத்தரிக்காய்க் கறியும் சீட்டெல்லாம் கொட்டிப்போயிற்று. தம்பிக்குக் காயமில்லை. மற்றக் காரை ஓடி வந்தவருக்குத் தோள்மூட்டில் அடி.

விபத்தில் யார் பிழை என்பதைத் தீர்மானிக்க ஒன்ராறியோவில் ஓர் ஒழுங்குவிதி உண்டு. எதிரே வருகிற வாகனத்துக்குக் குறுக்கே இடப்பக்கம் திரும்பியவருக்கே முழுப் பிழையும். மழை, பனி, வீதி வழுக்கியது என்ற கதையெல்லாம் அந்தக் கணக்கில் சேராது. ஆக முழுப் பிழையும் அத்தானின் பத்திரத்தில் வந்து விழுந்தது. வானைத் திருத்தக் காப்புறுதி காசு கொடுத்தது. ஆனால் டிடக்டிபிள் என்று உரிமையாளர் தன் கையால் போடவேண்டிய முதல் ஆயிரம் டொலரை அத்தான்தான் போட்டார். தம்பி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டான், அதில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அடுத்த வருடம் காப்புறுதிக் கட்டணம் கூடியது. இப்படியான பிழை விபத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் 6 வருடம் வரை கணக்கில் வைத்திருக்கும். ஒவ்வொரு வருடமும் கூடுகிற அந்தக் காசை யார் கொடுப்பதென்று யாரும் முன்கூட்டிப் பேசியிருக்கவில்லை. அத்தான் கேட்கவில்லை, தம்பியும் தானாகக் கொடுக்கவில்லை. பிறகு தோள்மூட்டு அடிபட்டவரின் வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது. அதில் ஓடியவன் பெயரோடு அத்தானின் பெயரும் இருந்தது. அவர்கள் பேச்சை நிறுத்தியது அந்தக் கடிதம் வந்த கிழமையில்தான். நடுவில் நின்று அழுதது அக்கா.

அந்தக் கடிதத்தில் அத்தானின் பெயர் வந்ததற்குக் காரணம் ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 192ஆம் பிரிவு. உரிமையாளரின் சம்மதத்தோடு ஒருவர் கையில் வாகனம் இருந்தால், அவருடைய கவனக்குறைவால் வரும் இழப்புக்கு உரிமையாளரும் பொறுப்பு. கடைக்குப் போய் வா என்றுதான் கொடுத்தேன், அவன் நயாகரா போனான் என்று சொல்லித் தப்ப முடியாது. 2015இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இதைத் தெளிவாக்கியது. தோட்டத்துக்குள் மட்டும் ஓடலாம், வீதிக்குக் கொண்டுபோகக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு கொடுத்த நாலு சில்லு ஏ.டி.வி. வண்டியை ஒருவர் வீதியில் ஓடி விபத்தாகிவிட்டது. உரிமையாளர் பொறுப்பிலிருந்து விலகமுடியாது என்றது நீதிமன்றம். வண்டியை ஒப்படைக்கச் சம்மதித்தாயா என்பதுதான் கேள்வி, எங்கே ஓடச் சம்மதித்தாய் என்பதல்ல. இதற்கு மாறாக 1952 முதல் நின்ற ஒரு பழைய தீர்ப்பையும் அந்த நீதிமன்றம் அத்தோடு ஒதுக்கிவைத்தது. கடுமையான சட்டம்தான். ஆனால் அடிபட்டவரின் பக்கத்தில் நின்று பார்த்தால் நியாயமான சட்டம். வீதியால் போகிறவரை ஒருவர் இடித்துவிட்டால், அந்தக் காரை வீதியில் இறக்கியவர் கையைக் கழுவிவிட்டுப் போகக் கூடாது.

இங்கே சட்டப்படி வைத்திருக்கவேண்டிய ஆகக் குறைந்த பொறுப்புக் காப்புறுதி 200,000 டொலர். ஒருவரை நிரந்தரமாகப் படுக்கையில் போட்டுவிட்டால் அந்தத் தொகை எந்த மூலைக்கும் காணாது. மிச்சம் வீட்டைத் தேடி வரும். அதனால் 10 லட்சம் அல்லது 20 லட்சம் டொலருக்கு எடுப்பதே வழக்கம். இரவல் கொடுக்கிற பழக்கம் உள்ள எவரும் 20 லட்சத்துக்குக் குறையக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

இதையெல்லாம்விட எனக்குப் பயம் தருவது லைசென்ஸ் விஷயம். சட்டப்படி ஓட அனுமதியில்லாத ஒருவரை ஓட விடமாட்டேன் என்பது ஒவ்வொரு காப்புறுதிப் பத்திரத்திலும் எழுதப்பட்ட நிபந்தனை. லைசென்ஸ் இடைநிறுத்தப்பட்டவர், காலாவதியானவர், ஜி1 வைத்துக்கொண்டு தனியே ஓடுகிற பெடியன், எல்லோரும் அதற்குள் வருவார்கள். ஜி1 என்பது பழகுநர் லைசென்ஸ். நாலு வருட அனுபவமுள்ள முழு லைசென்ஸ்காரர் பக்கத்தில் இருந்தாகவேண்டும். நள்ளிரவிலிருந்து காலை 5 மணி வரை ஓடக் கூடாது. 401 போன்ற நெடுஞ்சாலைகளில், ஓட்டக் கற்பிக்கும் பயிற்றுநரோடு அல்லாமல், ஏறவே கூடாது. அப்படி ஒருவருக்குத் தெரிந்தே திறப்பைக் கொடுத்து விபத்து நடந்தால், என் காரைத் திருத்த ஒரு சதமும் வராது. அடிபட்டவருக்கு நிறுவனம் அந்த 200,000 டொலர் வரைதான் கொடுக்கும், கொடுத்ததை என்னிடமிருந்து அறவிடவும் அதற்கு உரிமை உண்டு. மாறாக, லைசென்ஸை வாங்கிப் பார்த்து, நியாயமாக விசாரித்துவிட்டே கொடுத்திருந்தால், பிறகு ஏதாவது பிழை வெளிவந்தாலும் எனக்குச் சொல்ல ஒரு நியாயம் இருக்கும். "லைசென்ஸைக் காட்டு" என்று சொந்தக்காரனிடம் கேட்பது அவமரியாதை என்று எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். ஊரில் மோட்டார் சைக்கிளைப் பக்கத்து வீட்டுக்காரன் கேட்காமலே எடுத்துப்போய்ப் பெற்றோல் அடித்துக் கொண்டுவந்து விட்ட பழக்கம் அது. அந்த அன்பு எனக்கும் வேண்டும். ஆனால் பிளாஸ்டிக் அட்டையை ஒரு நிமிடம் திருப்பிப் பார்ப்பதால் அந்த அன்பு குறைந்துவிடாது.

ஒரே வீட்டில் இருப்பவர்களின் கணக்கு வேறு. வீட்டில் லைசென்ஸ் உள்ள எல்லோருடைய பெயரையும் நிறுவனத்துக்குச் சொல்லவேண்டும். பெடியனின் பெயரைச் சேர்த்தால் கட்டணம் ஏறும் என்று பலர் மறைக்கிறார்கள். வேறு சிலர், அவன் இந்தக் காரை ஓடவே மாட்டான் என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்து அவனை விலக்கிவிடுகிறார்கள். கையெழுத்து வைத்த பிறகு ஒரு நாள் அவசரத்துக்கு அவன் ஓடினால், சில மருத்துவ உதவிகளைத் தவிர வேறெதுவும் கிடையாது. அது காப்புறுதி இல்லாமல் ஓடியதாகவே கொள்ளப்படும், அதற்கு இங்கே முதல்முறைத் தண்டமே 5,000 டொலரில் தொடங்கி 25,000 வரை போகும். தாயும் தகப்பனும் இரண்டு வேலை செய்து கட்டுகிற வீட்டில் அந்தத் தொகை என்ன செய்யும் என்று நீயே யோசித்துப் பார்.

இன்னொன்று, காசு. பெற்றோல் செலவைப் பங்குபோடுவதில் பிழையில்லை. ஆனால் நாளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு காரைக் கொடுத்தால் அது வாடகை, சாதாரணப் பத்திரம் அதைத் தாங்காது. இரவல் காரில் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்து உழைப்பதும் நிறுவனத்திடம் சொல்லாமல் செய்யக்கூடிய காரியமல்ல. மாணவராக வந்து அறை வாடகைக்கே அல்லாடுகிற பிள்ளைகள் அப்படிச் செய்வதைக் கேட்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. அவர்களுக்கு இதை யாரும் இருத்திச் சொல்லிக் கொடுப்பதில்லை.

இனி உன் விஷயம். மூன்று மாதத்துக்குக் குறைவாக வந்து நிற்பவர் தன் நாட்டு லைசென்ஸிலேயே இங்கே ஓடலாம். அதற்கு மேலே நின்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். நீ நிற்கப்போவது ஆறு கிழமை என்றாலும் அதை எடுத்துக்கொண்டு வா, பொலிஸ் மறித்தால் விளக்கம் சொல்ல இலகு. மருத்துவக் காப்புறுதியும் கட்டாயம் எடு. என் காரில் உனக்கு அடிபட்டால் என் பத்திரத்தில் இருந்து சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் உதவி வரும், நிரந்தரமாக முடக்கிப்போடாத, ஆனால் சின்னதுமல்லாத காயத்துக்கு 65,000 டொலர் வரை. ஆனால் வருகையாளருக்கு மாகாணத்தின் இலவச மருத்துவம் கிடையாது. காருக்கு வெளியே காய்ச்சல் வந்தாலும் ஆஸ்பத்திரி பில் உன் பெயரில்தான் வரும்.

ஓடுவது இங்கே வலப்பக்கம். நேர் வீதியில் அது சீக்கிரம் பழகிவிடும். ஒரு சந்தியில் திரும்பி முடிக்கிறபோதுதான் கை தன்பாட்டில் பழைய பக்கத்துக்கு இழுக்கும். மஞ்சள் பள்ளிக்கூட பஸ் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றால், நடுவில் திட்டுப் போட்டுப் பிரித்த வீதியாக இல்லாவிட்டால், எதிர்ப்பக்கத்தில் வருகிறவரும் நிற்கவேண்டும். முதலில் ஒரு ஞாயிறு காலையில், வீதி வெறிச்சென்று இருக்கும்போது, நான் பக்கத்தில் இருக்க ஓடிப்பார். அதுவரை 401 பக்கம் போகவேண்டாம். எங்காவது உரசினால் சின்னக் கீறல் என்று மறைக்காமல் அன்றைக்கே சொல். நிறுவனத்துக்கு நான் 7 நாளுக்குள் அறிவிக்கவேண்டும். டிடக்டிபிளும் கூடுகிற கட்டணமும் நாங்கள் இரண்டு பேரும் பாதிப் பாதி. அதை இப்போதே சொல்லிவிட்டேன், பிறகு உன் அண்ணியின் முகத்தைப் பார்த்து நீயும் நானும் தவிக்கவேண்டியதில்லை.

இந்தக் கிழமைக்குள் லைசென்ஸின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஆறு கிழமை எங்கள் வீட்டில் நின்று ஓடப்போகிறாய் என்பதைப் புரோக்கரிடம் முதலே சொல்லி, அவர் எழுத்தில் தரும் மறுமொழியை வாங்கி வைக்கவேண்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்
ஸ்காபரோ