உப்பளத்தில் போட்டோவா? விடியலிலேயே கிளம்புங்க!

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூனிமேட்டைத் தாண்டி மரக்காணம் நெருங்கினால், வெள்ளை வெளேரென உப்பளங்கள். ரிசார்ட்டில் தங்குபவர்கள் காலை பஃபேயை முடித்துவிட்டு, பத்து மணிக்கு மேல்தான் இங்கே வந்து இறங்குகிறார்கள். அதற்குள் வெயில் ஏறிவிடும். படத்தில் முகம் கறுத்துவிடும். வெயிலுக்குப் பயந்து இருட்டிலேயே வேலையைத் தொடங்கிய உப்பளத் தொழிலாளர்கள் பலரும் வீடு திரும்பியிருப்பார்கள்.

எவ்வளவு செலவழித்துத் திட்டமிட்டாலும், ஒரு விடியற்காலையை இதற்கென ஒதுக்குங்கள். பாத்தி நீரில் வானம் அப்படியே தெரியும் நேரம் அது. உப்பு சாம்பல் நிறமாகத் தெரிந்தால், போன் திரையைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். உப்பும் இருக்காது, அவர்களுக்கு வேலையும் இருக்காது. அப்போது வந்தால், 2021-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியில் பறவைகளைப் பார்க்கலாம்.

நாம் ஐந்து நிமிடம் கண் கூசி நிற்கும் அந்த வெள்ளையில்தான் அவர்கள் வருடக்கணக்கில் வேலை பார்க்கிறார்கள். கண் பாதிப்பும் வருகிறது. அதனால், ‘ஒரு போட்டோ எடுத்துக்கலாமாக்கா?’ என்று முதலில் கேளுங்கள். வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். எடுத்தால், அவர்களிடமும் காட்டுங்கள். வரப்பை மட்டும் மிதித்து உடைத்துவிடாதீர்கள்.