40 மைக்ரான் கையிருப்பு

சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைகளில் கார் பராமரிப்புப் பொருள்கள் அடுக்கிய அலமாரி மருந்துக்கடை அலமாரியைப் போலவே இருக்கும். ஷாம்பு, வாக்ஸ், ரப்பிங் காம்பவுண்டு, கீறல் நீக்கி, டயர் பாலிஷ், டாஷ்போர்டு பாலிஷ், செராமிக் ஸ்பிரே என்று வரிசை நீளும். வீட்டிலேயே காரைப் பேணலாம் என்று கிளம்பி வந்தவர் அங்கே சற்றுத் திகைத்து நிற்பார். கடைசியில் பெரும்பாலும் கீறலைப் போக்கும் புட்டி ஒன்றையும் மினுமினுப்பைத் தரும் புட்டி ஒன்றையும் வாங்கிக்கொண்டு திரும்புவார். துடைக்கத்தான் வீட்டில் பழைய பனியன் இருக்கிறதே என்பது அவர் கணக்கு. நகரத்தின் டீடெய்லிங் பட்டறைகள் சிலவற்றில் வேலை நடப்பதை நின்று கவனித்தபின், இந்தக் கணக்கு தலைகீழானது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். பட்டறையின் அலமாரி பெரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு: பிறர் போட்ட கீறலை எடுப்பதுதான் அதன் தொழில். வீட்டில் நடக்கவேண்டியதோ கீறல் போடாமல் அழுக்கை எடுப்பது. அதற்கான சாமான்கள் வேறு, எண்ணிக்கையிலும் மிகக் குறைவு. அவற்றில் முதலாவது துணி.

பட்டறைக்குள் வரும் காரை யாரும் எடுத்த எடுப்பில் தேய்க்க ஆரம்பிப்பதில்லை. கழுவி உலர்த்தியதும் மூத்த தொழிலாளி உள்ளங்கையளவு மீட்டர் ஒன்றைப் பானட், கதவு, கூரை என்று ஒவ்வொரு இடமாக வைத்து எடுப்பார். பெயிண்டின் கனத்தைச் சொல்லும் கருவி அது. கம்பெனியிலிருந்து வந்த பெயிண்டாக இருந்தால் பொதுவாக 80 முதல் 140 மைக்ரானுக்குள் காட்டும். 200, 300 என்று ஏறினால் அங்கே மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஆயிரத்தை நெருங்கினால் அடியில் பட்டி வைத்த இடம். நாம் அச்செடுக்கும் சாதாரண ஏ4 தாளின் கனமே ஏறக்குறைய 100 மைக்ரான்தான். ஆக, தகட்டுக்கு மேலுள்ள பிரைமர், நிறம், எல்லாவற்றுக்கும் மேல் வரும் கிளியர் கோட் மூன்றும் சேர்ந்தே ஒரு தாளின் கனம். வெயிலைத் தாங்கும் பொருள்கள் கலந்த கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான், அதாவது அந்தத் தாளில் பாதிக்கு மேல் இல்லை. கீறலை ‘எடுப்பது’ என்று நாம் சொல்வது, கீறலைச் சுற்றியிருக்கும் கிளியர் கோட்டை அதன் ஆழம் வரை தேய்த்து இறக்குவதைத்தான். ஒவ்வொரு ரப்பிங்கும் இந்தக் கையிருப்பிலிருந்து எடுக்கும் செலவு. திரும்பப் போட வழியில்லை. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய கார்களின் கூரையிலும் பானட்டிலும் தேமல் விழுந்ததுபோல் வெளுத்து உரிகிற இடங்களில் இந்தக் கையிருப்பு தீர்ந்துபோயிருக்கிறது. வெயில் கரைத்தது பாதி, தேய்த்தே கரைத்தது மீதி.

சரி, தேய்த்து எடுக்கவேண்டிய கீறல் எங்கிருந்து வருகிறது? பட்டறையில் மேல்விளக்குகளை அணைத்துவிட்டுக் கையில் ஒற்றை விளக்கைப் பிடித்துக் கதவருகே காட்டுவார்கள். வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் வட்டவட்டமாகக் கோடுகள் தெரியும். அவற்றைத் தொழிலாளர்கள் ‘ஸ்விர்ல்’ என்கிறார்கள். யாரோ வட்டமாகத் தேய்த்ததால் வந்தது என்றே பலரும் நம்புகிறார்கள். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் இருக்கின்றன. விளக்கைச் சுற்றிக் குறுக்காக அமைந்தவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. ஆகவே வட்டமாகத் துடைக்காமல் நேர்கோட்டில் துடைத்தாலே தப்பிவிடலாம் என்ற ஆலோசனை பாதி உண்மைதான். கையின் திசையைவிடக் கைக்கும் பெயிண்டுக்கும் நடுவில் மாட்டியிருக்கும் மண்ணே முக்கியம். சாலைப் புழுதியில் குவார்ட்ஸ் துகள் உண்டு. அது கண்ணாடியையே கீறும். விடியற்காலையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் ஒரு வாளித் தண்ணீரிலும் ஒரே துணியிலும் இருபது கார் துடைக்கப்படுகிறது. ஐந்தாவது காருக்குப் போகும்போதே அந்தத் துணி ஏறக்குறைய உப்புத்தாள்தான். ஆயுத பூஜைக்குப் பானட்டில் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து, மறுவாரம் உலர்ந்த துணியால் சுரண்டி எடுக்கப்படுவதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. பொட்டைக் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வைத்தால் பூஜைக்கு ஒரு குறையும் வராது.

நம் பட்டறைகளில் துணி என்றால் நெடுங்காலமாகத் திருப்பூர் பனியன் வேஸ்ட்தான். கிலோ கணக்கில் வரும், கிரீஸ் துடைக்க அதைவிட நல்லது இல்லை. ஆனால் அதில் தையல் உண்டு, எலாஸ்டிக் உண்டு, சில துண்டில் பட்டனும் இருக்கும். முக்கியமாக, தட்டையான நெசவில் மண் உள்ளே போக இடமில்லை. துணியின் பரப்பிலேயே உட்கார்ந்து பெயிண்டோடு உரசிக்கொண்டு போகும். மைக்ரோஃபைபர் துணி பாலியெஸ்டரும் பாலியமைடும் சேர்ந்த மிக மெல்லிய இழைகளால் ஆனது. எண்பதுக்கு இருபது, எழுபதுக்கு முப்பது என்று கலவை இருக்கும். நூல்கள் எழும்பி நிற்பதால் மண் இடைவெளிக்குள் இறங்கிவிடுகிறது. துணியின் எடையைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று குறிக்கும் ஜிஎஸ்எம் எண் உறையில் இருக்கும். துடைக்க 300 முதல் 400 போதும். தண்ணீரை உறிஞ்சி உலர்த்த 500க்கு மேல் வேண்டும். வாங்கும்போது எண்ணைவிட ஓரத்தைப் பார்க்கச் சொல்வேன். தடித்த நைலான் தையல் போட்ட ஓரமே கீறும்; ஓரத் தையல் இல்லாமல் வெட்டியது நல்லது. கம்பெனிப் பட்டை தைத்திருந்தால் முதல் வேலையாக அதை வெட்டி எறியவேண்டும். பழைய சிடி ஒன்றின் பளபளக்கும் பக்கத்தில் புதுத்துணியைத் தேய்த்துப் பார்ப்பது எளிய சோதனை. சிடியில் கோடு விழுந்தால் அந்தத் துணி சக்கரத்துக்குத்தான். துணியை நான்காக மடித்தால் மாற்றி மாற்றித் துடைக்க எட்டு முகம் கிடைக்கும். ஒரு டஜன் துணி கையிலிருந்தால் ஒரு முகத்தால் ஓர் இடத்தை மட்டும் துடைக்கலாம். விலையுயர்ந்த வாக்ஸ் புட்டி ஒன்றுக்குப் போகும் பணத்தில் இந்த ஒரு டஜன் வந்துவிடும்.

துணிக்கு அடுத்து, அலமாரியிலேயே இல்லாத ஒன்று: தண்ணீர். சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை, கரைந்த உப்புகளுக்கு ஏற்கத்தக்க அளவாக லிட்டருக்கு 500 மில்லிகிராமை வைத்திருக்கிறது. அதைப்போல இருமடங்கு காட்டும் போர்கள் நகரில் அரிதல்ல. அந்தத் தண்ணீர் வெயிலில் நிற்கும் கறுப்புப் பானட்டில் காய்ந்தால் உப்பு வெள்ளை வளையமாகத் தங்கிவிடும். நாள்பட விட்டால் கிளியர் கோட்டிலேயே தடம் பதியும். பிறகு அதற்கும் ரப்பிங்தான் வைத்தியம். பல வீடுகளில் ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரைப் பிடித்து வைத்துக் காரைக் கழுவுகிறார்கள். வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் மதிக்கத்தக்கது. ஆனால் அதில் உப்பு மூலத் தண்ணீரைவிடக் கூடுதல். சக்கரத்துக்கும் சேறு போக்கும் முதல் அலசலுக்கும் அதை ஊற்றலாம், கடைசி அலசலுக்கு ஆகாது. கடைசி அலசலுக்கு ஏற்றது அதே வீட்டில் இன்னொரு குழாயில் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஏசி கக்கும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது என்பதால் அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. சென்னையின் புழுக்கத்தில் ஓர் இரவில் சில லிட்டர் சேரும். வடிகட்டி ஒரு பூவாளியில் ஊற்றி வைத்துக்கொண்டால் போதும். எந்தக் கடையிலும் இதற்கு நிகரான பொருளை நான் பார்க்கவில்லை.

மற்றவற்றை விரைவாகச் சொல்லலாம். அமிலமும் காரமும் ஏறாத கார் ஷாம்பு ஒன்று. வாளி இரண்டு: ஒன்றில் நுரை, ஒன்றில் கையுறைத் துணியை அலச வெறும் தண்ணீர். சக்கரத்துக்குத் தனி வாளி, தனிப் பிரஷ். உள்ளே டாஷ்போர்டுக்கு மென்மையான பிரஷும் ஈரம் பிழிந்த துணியும் தாராளம். எண்ணெய் பூசியதுபோல் மின்னவைக்கும் பாலிஷ் முன்கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுபவர் கண்ணைத்தான் கூசவைக்கும். பறவை எச்சம் பட்டால் ஈரத்துணியைச் சில நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து மேல்நோக்கி எடுப்பது ஒரு பழக்கம். அதற்குப் பொருள் எதுவும் வேண்டாம். ஒன்றை மட்டும் வீட்டுக்கு வாங்கவே கூடாது என்று அழுத்திச் சொல்வேன்: அலாய் வீலைப் ‘புதிதாக்கும்’ அமில வகை. சிலவற்றில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலமோ பைஃபுளூரைடு உப்போ இருக்கும். தோலில் பட்டவுடன் வலிக்காமலேயே உள்ளே இறங்கி எலும்பு வரை சேதம் செய்யக்கூடியது அது. வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் வெறுங்கையோடும் ரப்பர் செருப்போடும் நாள்முழுக்க ஈரத்தில் நிற்கிற இளைஞர்களைப் பார்க்கும்போது, லேபிள் இல்லாத கேனில் வரும் அமிலத்தை அவர்கள் கையில் கொடுப்பது எவ்வளவு பெரிய அநீதி என்று தோன்றுகிறது. பிரேக் தூளின் இரும்பைக் கரைத்து ஊதா நிறமாக ஒழுகும் திரவம் அவ்வளவு ஆபத்தில்லாத மாற்று. அதற்கும் நைட்ரைல் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். செராமிக் கோட்டிங் போட்டுவிட்டால் இத்தனை பத்தியம் எதற்கு? 9ஹெச் கடினம் என்கிறார்களே, கீறலே விழாதாமே? கோட்டிங் மோசடி அல்ல. சிலிக்கா சார்ந்த அந்தப் படலத்தில் தண்ணீர் உருண்டோடும், அழுக்கு ஒட்டுவது குறையும், கழுவுவது எளிதாகும். பிரேசிலின் வடகிழக்கில் வளரும் பனைவகையின் இலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா வாக்ஸ் நம் வெயிலிலும் மழையிலும் சில வாரத்தில் போய்விடும். நன்றாகப் போட்ட கோட்டிங் வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் அந்த 9ஹெச் பென்சில் கடினத்தின் அளவு. 6பி, ஹெச்பி, 9ஹெச் என்று பென்சில்களை வரிசையாக உரசிப் பார்த்துப் பூச்சின் கடினத்தைச் சொல்லும் சோதனை அது. கனிமங்களை அளக்கும் மோஸ் அளவுகோலோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. மோஸில் குவார்ட்ஸ் மணல் 7. 9ஹெச் பென்சில் கீறாத பரப்பை மணல் துகள் தாராளமாகக் கீறும். அழுக்குத் துணிக்கு முன்னால் கோட்டிங் போட்ட காரும் போடாத காரும் ஒன்றே. கீறுவது விலை கூடிய பரப்பு என்பது மட்டும் வித்தியாசம். முறை தெரிந்தவருக்குக் கோட்டிங் உதவும், முறைக்குப் பதிலாக அது நிற்காது.

இன்னொரு மறுப்பு பாலிஷ் போடும் மிஷினைப் பற்றியது. பழைய ரோட்டரி ஒரே அச்சில் சுழலும். சூடு ஓரிடத்தில் ஏறி ஓரங்களைச் சுட்டுவிடும். இப்போதைய டூயல் ஆக்ஷன் மிஷினில் பேடு சுழன்றுகொண்டே அச்சிலிருந்து விலகியும் அலையும், சூடு பரவிவிடும். ஆகவே பழகாதவரும் வீட்டிலேயே பாலிஷ் போடலாம் என்பார்கள். பாதுகாப்பு கூடியிருப்பது உண்மை. ஆனால் பட்டறையில் மிஷினைவிட அதைப் பிடித்திருப்பவர் செய்கிற மற்ற காரியங்களையே நான் கவனித்தேன். பெயிண்ட் மெலிந்திருக்கும் மடிப்புகளிலும் ஓரங்களிலும் டேப் ஒட்டுகிறார். புறங்கையைத் தகட்டில் வைத்துச் சூடு பார்க்கிறார். முதலில் ஒரு சாண் இடத்தில் மட்டும் மென்மையான பேடும் லேசான காம்பவுண்டும் போட்டுப் பார்க்கிறார். அது பலிக்காவிட்டால்தான் கடினமானதற்குப் போகிறார். ஆழமான கீறல் சிலவற்றை எடுக்காமலே விட்டுவிடவும் செய்கிறார். விடவேண்டிய கீறல் எது என்று தெரிவதுதான் இந்தத் தொழிலில் கடைசியாக வரும் பாடம். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குப் பயிற்சி, புதுப்பேட்டையில் எடைக்கு வாங்கிவந்த பழைய பானட்டில். பல மாதம் அதையே தேய்க்கவிட்ட பிறகே வாடிக்கையாளர் காரில் கை வைக்க விடுகிறார்கள். மீட்டரும் இல்லாமல் அந்தப் பழைய பானட்டும் இல்லாமல் மிஷின் மட்டும் வாங்குவதை வீட்டுக்காரருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை அந்த வேலையைத் தெரிந்தவரிடம் கொடுத்து அவர் கைக்கு உரிய கூலியைத் தருவது, எல்லா வகையிலும் சிக்கனம்.

தண்ணீருக்கு எங்கே போவது, நேரத்துக்கு எங்கே போவது என்ற கேள்விதான் மிச்சம். எனக்கு அதுவே மிக நியாயமான மறுப்பாகப் படுகிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்த நகரம் இது. குழாயைத் திறந்துவிட்டுக் காரைக் கழுவும் உரிமை யாருக்கும் இல்லை. அலசத் தேவையில்லாத வாஷ் திரவங்கள் இதற்கு நல்ல விடை. பத்து லிட்டர் தண்ணீரில் நாற்பது மில்லி கலந்து, எட்டுப் பத்துத் துணிகளை அதில் ஊறப்போட்டு, ஒரு துணியை ஒரு பகுதிக்கு என்று எடுத்துத் துடைத்து, அழுக்குத் துணியைத் திரும்ப வாளியில் போடாமல் ஒதுக்கினால் முழுக் காரும் ஒரு வாளியில் முடியும். சேறு அப்பிய காருக்கு இது ஆகாது, தினசரிப் புழுதிக்குப் போதும். நேரம் இல்லாதவர் காலையில் வந்து துடைக்கும் தொழிலாளியை நிறுத்தவும் வேண்டாம். மாதச் சம்பளத்தை நம்பியிருக்கும் அவர் கையில் கொடுக்கப்பட்டது ஒரே துணி என்பதுதான் பிழை, அவர் கை அல்ல. ஆறு துணியும் அந்தத் திரவமும் வாங்கிக் கொடுத்து, தினமும் வேண்டாம், வாரம் இரண்டு முறை போதும், சம்பளம் அதேதான் என்று சொன்னால் அவருக்கும் பளு குறையும், பெயிண்டும் பிழைக்கும்.

துணியைத் துவைப்பதிலும் ஒரு வரிசை உண்டு. வீட்டுத் துணியோடு சேர்த்துப் போட்டால் பருத்திப் பிசிறு ஒட்டும். கம்ஃபர்ட் வகைத் திரவம் ஊற்றினால் இழைகள் உறிஞ்சும் சக்தியை இழக்கும். கொதிநீரும் இஸ்திரியும் இழையைக் கெடுத்துவிடும். பட்டறையில் மாலை வேலை முடிந்ததும் துணிகளை நிறம் பார்த்துப் பிரிக்கிறார்கள்: பெயிண்டுக்கு ஒரு நிறம், கண்ணாடிக்கு ஒன்று, உட்புறத்துக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று. தரையில் ஒருமுறை விழுந்த துணியை, எவ்வளவு புதிதாக இருந்தாலும், முனையில் கத்தரிக்கோலால் ஒரு வெட்டு வெட்டிச் சக்கரக் கூடையில் போடுகிறார்கள். மறுபடி எத்தனை முறை துவைத்தாலும் அது பானட்டுக்கு வராது.