கடல் கடந்த மடல்: மீன் அங்காடியில் விடப்படும் குட்டிகள்

சிங்கப்பூர்

கடலூர் முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும் சிதம்பரத்திலும் வீட்டுப் பூனை குட்டி போட்டால், அவை பால்குடி மறக்கும் முன்பே சாக்குப்பையில் இட்டு மீன் அங்காடியோரம் விட்டு வருவது, கொல்லாமல் விட்டோம் என்ற நிம்மதியைத் தரும் பழக்கமாக நெடுங்காலம் நிலைத்திருக்கிறது. மீன் கழிவு கிடைக்கும் இடத்தில் அவை எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை இரக்கத்தில் பிறந்ததுதான். ஆயினும் நான்கு வாரக் குட்டிக்குத் தாய்ப்பாலும் தாயின் உடற்சூடும் தேவைப்படுகின்றன; நாய்க்கும் வண்டிக்கும் ஒதுங்க அதற்குத் தெரியாது; ஆகவே அங்கு விடப்படும் குட்டிகளுள் பல பசியாலும் காயத்தாலும் மடிகின்றன. பட்டினியால் வருந்த நேரும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக வகுத்துள்ளது என்பதும் ஊரில் பலர் அறியாத செய்தி.

இத்தனை குட்டிகள் பிறப்பதற்குக் கடலூரின் வெயிலும் ஒரு காரணமாகும். பெட்டைப் பூனையின் சினைப்பருவம், அதாவது கடுவனைத் தேடி இரவெல்லாம் கத்தித் தரையில் புரளும் காலம், பகலின் நீளத்தைப் பொறுத்து அமைவது. குளிர்நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் அது அடங்கிவிடும். கடலூரிலோ மார்கழியிலும் பகற்பொழுது பதினொன்றேகால் மணி நேரத்துக்குக் குறைவதில்லை என்பதால் பூனைகள் ஏறத்தாழ ஆண்டு முழுவதும் சினையாகின்றன. ஐந்தாறு மாத வயதிலேயே பருவமடையும் பெட்டை, சுமார் 63 முதல் 65 நாள் சுமந்து மூன்று முதல் ஐந்து குட்டிகள் வரை ஈனும்; ஓராண்டிலேயே மீண்டும் மீண்டும் ஈனவும் கூடும்.

ஊர்வழக்கில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் எனப்படும் கருத்தடை அறுவை இதற்குத் தீர்வாகிறது. மயக்கமருந்து கொடுத்தபின் பெட்டையின் அடிவயிற்றிலோ விலாப்புறத்திலோ சிறு கீறலிட்டுச் சூலகங்களையும் கருப்பையையும் அகற்றித் தைப்பர். கடுவனுக்கு விதைகளை எடுக்கும் காயம் மிகச் சிறியதாதலால் பெரும்பாலும் தையலே வேண்டியதில்லை. கருப்பையில் சீழ் கோத்து உயிரைப் பறிக்கும் நோய் அதன்பின் ஏறத்தாழ இல்லாமற்போகிறது. பூனையின் மார்புக் கட்டிகளுள் மிகப் பெரும்பாலானவை புற்றுநோயே என்னும் நிலையில், ஆறு மாதத்துக்கு முன் அறுவை செய்யப்பட்டவற்றில் அப்புற்றின் அபாயம் 91 விழுக்காடு குறைந்ததென 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. கடுவன்கள் ஊர்சுற்றுவதும், சுவரெங்கும் நாறும் சிறுநீரைப் பீய்ச்சுவதும், சண்டையிட்டுக் கடிபடுவதும் குறைகின்றன. பூனைகளின் எதிர்ப்பாற்றலை அழிக்கும் நச்சுயிரி முதன்மையாகக் கடிக்காயத்தின் வழியே பரவுவதால் இது சிறு நன்மை அன்று. ஒருமுறை ஈன்றால்தான் பெட்டையின் உடல் தேறும் என்னும் கருத்துக்கு மருத்துவ அடிப்படை இல்லை. உடல் பருக்கும் என்ற அச்சத்தில் உண்மை உண்டு. சோற்றின் அளவைக் குறைத்தால் அதுவும் அடங்கும். மனிதருக்கான கருத்தடை மாத்திரையைப் பாலில் கலந்து கொடுப்பது மட்டும் அறவே கூடாது. அது கருப்பைச் சீழையும் மார்புப் புற்றையும் வரவழைக்கக் கூடியது.

கடலூர் மாவட்டத்தார் பலர் பிழைப்புக்காக வந்து சேர்ந்த சிங்கப்பூரில், அரசு அடுக்குமாடி வீடுகளில் 1989 முதல் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் வீட்டுக்கு இரண்டு பூனைகள் அனுமதிக்கப்படுகின்றன, உரிமமும் தோலடியில் பொருத்தும் அடையாளச் சில்லும் கட்டாயமாயின, கருத்தடை செய்த பூனைக்குக் கட்டணச் சலுகை உண்டு. குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில் திரியும் பூனைகளின் இடக்காது நுனி நேராக வெட்டப்பட்டிருப்பதைக் காணலாம். கருத்தடை அறுவைக்கான மயக்கத்திலிருக்கும்போதே இடப்படும் அவ்வடையாளம், அதே பூனையை மறுபடி பிடித்து அறுவைக்குக் கொண்டுபோகாமல் காக்கிறது.

பரங்கிப்பேட்டைக்கும் சிதம்பரத்துக்கும் மாதந்தோறும் பணம் அனுப்புவோர், வீட்டுப் பூனையின் கருத்தடைச் செலவையும் அதில் சேர்ப்பது நல்லது. ஊரார் மாட்டாஸ்பத்திரி என்றழைக்கும் அரசு கால்நடை மருத்துவமனையில் பூனைக்கு இவ்வறுவை செய்யப்படுமா என்பதையும், எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டும் என்பதையும் முன்கூட்டிக் கேட்டறிதல் வேண்டும். பால் கொடுக்கும் தாய்ப் பூனையும் மீண்டும் சினையாகக்கூடும் என்பதால், குட்டிகள் பால்குடி மறந்து மடி வற்றும் இரண்டு வாரமும் கடுவன் அண்டாதவாறு அதனை வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்து, பிறகு கொண்டுசெல்வது ஏற்றது.