ஒரு போல்ட்டை நம்பிக் கடலுக்கு!

காசிமேடு போனா, மீன் வாங்கின கையோட திரும்பிடாதீங்க பாஸ்! கரையில ரிப்பேருக்கு ஏத்தி வெச்சிருக்குற ஃபைபர் படகுகளையும் ஒரு ரவுண்டு பாருங்க. 2004 சுனாமிக்குப் பிறகு நம்ம கடலோரத்தில் பெருகின படகுகள் இவை.

அவுட்போர்டு இன்ஜின் மாட்டும் பின்பலகையைக் கவனிங்க. வெளியே ஃபைபர், உள்ளே பெரும்பாலும் பிளைவுட். கழற்றின போல்ட்டைப் பழைய ஓட்டையிலேயே முடுக்கிட்டா, இடுக்கு வழியா உப்புத் தண்ணி புகுந்து மரம் அழுகும். மேலே பெயின்ட் பளபளக்கும். விஷயம் நடுக்கடல்லதான் தெரியும்!

சரியான வழி? மரத்தை நல்லா காயவிட்டு, ஓட்டையைப் பெருசாக்கி, எபாக்சியால் அடைச்சு, இறுகினதும் அதன் நடுவே புதுத் துளை போடணும். சீலன்ட் தடவி, உள்பக்கம் அகலமான தகடு வெச்சு, எஸ்.எஸ். போல்ட்டை முடுக்கணும். இன்ஜினோட இழுவிசை ஒரே இடத்தில் விழாமல் தகடு முழுக்கப் பரவிடும்.

அடுத்த முறை வஞ்சிரத்துக்குப் பேரம் பேசுறப்போ, அந்த போல்ட்டை நம்பிக் கடலுக்குப் போனவரையும் கொஞ்சம் நினைச்சுக்குங்க!