பொருநை கடலைச் சேருமிடம்

பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் மலையிறங்கி, நெல்லைச் சீமையைப் பசுமையாக்கி வரும் பொருநை ஆறு, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் நடந்தபின் புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. பாபநாசத்திற்குச் சென்று நீராடி வருவோர் பலர். ஆத்தூர்ப் பாலத்திற்குக் கீழேயுள்ள கடைசிப் பகுதியைக் கால்நடையாகக் கண்டோர் மிகச் சிலரே. திருச்செந்தூர்ப் பேருந்தில் செல்வோர் பாலத்தின்மேல் ஒரு நிமிடம் சன்னல் வழியே எட்டிப் பார்ப்பதோடு சரி.

சென்ற தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், உபதேசியாரும் பீடச் சிறுவர் அறுவரும் உடன்வர, நாங்கள் அப்பகுதியை நடந்தே கண்டுவரப் புறப்பட்டோம். ஆத்தூர்க் கடைத்தெருவில் தேநீர் அருந்திவிட்டுத் தென்கரையில் இறங்கியபோது காலை மணி ஏழு. பனி முற்றும் விலகவில்லை. படித்துறையில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தனர். கழுத்தளவு நீரில் எருமைகள் கண்மூடிக் கிடந்தன. சற்று அப்பால் ஒருவர் வாழைத்தார்களைச் சுமையூர்தியில் ஏற்றிக்கொண்டே, "சாமி, இவ்வளவு தூரம் நடக்கவா போறீங்க? பஸ் இருக்கே!" என்று வியந்தார்.

பேருந்தில் சென்றிருந்தால் அந்தக் கருப்பு வெள்ளை மீன்கொத்தியைக் கண்டிருப்போமா? நீருக்கு மேலே, ஒரே இடத்தில், சிறகை அடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றது. தலை மட்டும் கீழே குனிந்திருந்தது. சிறுவர்கள் மூச்சடக்கி நின்றனர். கல் விழுந்தாற்போல் நீரில் விழுந்து எழுந்தபோது அலகில் மீன் இல்லை! மீண்டும் மேலே சென்று நின்றது. மூன்றாம் முறையே அதற்குக் காலை உணவு கிடைத்தது. எதிர்க்கரையில் நத்தைக்குத்தி நாரைகள் சேற்றைக் கிளறின. அதன் அலகை மூடினாலும் நடுவே இடைவெளி தெரியும். நத்தையைப் பற்றுவதற்கு இறைவன் அளித்த இடுக்கி அது. அரிவாள் மூக்கன்களும் நீர்க்காகங்களும் கொக்குகளும் அன்று எத்தனை என்று எண்ணத் தொடங்கிய ஒரு சிறுவன் நூறைத் தாண்டியதும் கைவிட்டான். ஆண்டுதோறும் சனவரியில் பறவை ஆர்வலர்கள் இவ்வாற்றுப் படுகையின் நீர்ப்பறவைகளைப் பொறுமையாகக் கணக்கெடுக்கிறார்கள். அப்பொறுமை நம் சிறுவர்க்கு இனிதான் வரவேண்டும்.

கரையோரம் கொடிக்கால்கள் தொடங்கின. ஆத்தூர் வெற்றிலையின் பெருமையை நாம் சொல்லித்தான் வாசகர் அறியவேண்டும் என்பதில்லை. 2023ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கொடிக்காலுக்குள் நுழைவது கோயிலுக்குள் நுழைவது போன்றது. வரிசை வரிசையாய் அகத்தி மரங்கள். அவற்றைத் தழுவி ஏறும் கொடிகள். வெயில் வடிகட்டப்பட்டுப் பச்சையாய்க் கீழே விழுகிறது. குரலைத் தாழ்த்தியே பேசத் தோன்றுகிறது.

அங்கே இலை கிள்ளிக்கொண்டிருந்த முதியவர் எங்களை வரப்பில் அமர்த்தி இளநீர் வெட்டிக் கொடுத்தார். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் பெய்த பெருமழையைப் பற்றிப் பேச்சு வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. "ஆளுயரத்துக்கு மேலே தண்ணி, சாமி. வடிஞ்சு பார்த்தா ஒரு கொடி மிஞ்சலே" என்றார். வெற்றிலைக் கொடிக்கு அன்றாடம் ஈரம் வேண்டும். ஆனால் வேரில் நீர் தேங்கினால் அழுகிவிடும். கடன் வாங்கி அகத்தியிலிருந்து புதிதாகத் தொடங்கியிருக்கிறார். மகன் தூத்துக்குடியில் வேலைக்குப் போய்விட்டான், திரும்பி வருவதாயில்லை.

"வெள்ளம் ஒரு பக்கம், வேனலில் வேறொரு பக்கம்" என்று தொடர்ந்தார். திருவைகுண்டம் அணையே இவ்வாற்றின் கடைசி அணைக்கட்டு. அதைத் தாண்டி வரும் நீர் கோடையில் குறைந்துவிடும்போது, கடல் உப்பு ஆற்றுவழியே மேலேறிக் கிணறுகளில் இறங்கிவிடுகிறது. அதைத் தடுக்கவே முக்காணிக்கும் சேர்ந்தபூமங்கலத்திற்கும் இடையே தடுப்பணை கட்டப்பட்டது. இருந்தும் சித்திரை பிறந்தால் கிணற்று நீரை முதலில் நாவில் வைத்துப் பார்த்தபின்னரே கொடிக்குப் பாய்ச்சுவாராம். புறப்படும்போது ஒரு கவுளி வெற்றிலையை வாழைச் சருகில் பொதிந்து உபதேசியார் கையில் வைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

சேர்ந்தபூமங்கலத்திற்கு அப்பால் நிலத்தின் நிறமே மாறுகிறது. வாழையும் வெற்றிலையும் பின்தங்க, பனையும் சீமைக்கருவேலும் முன்வருகின்றன. காற்றில் உப்பு மணக்கிறது. பின்னர், அலையாத்திக் கூட்டம்! சேற்றிலிருந்து ஈட்டிகள் போல் மேல்நோக்கி நிற்கும் அதன் மூச்சு வேர்களைச் சிறுவர்கள் முதன்முறையாகக் கண்டனர். வேர்களுக்கிடையே சிறு நண்டுகள். ஒரு கை மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பெரிதாய். ஆண் நண்டுகள் அதனை மேலும் கீழும் ஆட்டி அழைப்பதைக் கண்ட ஒருவன், "கோயில் பிள்ளை மணியடிக்கிற மாதிரி இருக்கு" என்றான். காலடி ஓசை கேட்டதும் அத்தனையும் வளைக்குள் மறைந்தன.

இங்கே நாம் மிதிக்கும் மண்ணெல்லாம் பொருநை கொண்டுவந்து கொட்டியது. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை, இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. கொற்கை தூர்ந்தபின் காயல் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய அக்காயலும் கடலை இழந்து பழையகாயல் ஆயிற்று. இவ்வரலாற்றைத் தோண்டித் துலக்கியவர் மாற்றுச் சபையினரான கால்டுவெல் ஐயர். நமக்குச் சிறிது வெட்கமாகவே இருக்கிறது. அதன்பின் புன்னைக்காயலின் முறை. 1542இல் புனித சவேரியார் இக்கடற்கரைக்கு வந்தபின், அண்டிரிக் அடிகளார் இவ்வூரில் நெடுங்காலம் தங்கித் தமிழ் கற்று, மருத்துவமனை நிறுவி, 1600இல் இங்கேயே உயிர்நீத்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தமிழாக்கிய நூலே. வெறும் 16 பக்கங்கள்!

ஊரையடைந்தபோது உச்சி வெயில். மறுநாள் ஞாயிறு; கடலுக்குப் போவதில்லை என்பதால் படகுகள் கரையேறிக்கொண்டிருந்தன. வலை உலர்த்திய நிழலில் அமர்ந்திருந்த மீனவர் இருவர் ஆற்று வாயைக் காட்டினர். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கிடந்தது. வற்றமான வேளையில் படகு தரைதட்டுகிறதாம். அலையில் சிக்கிக் கவிழும் அச்சமும் உண்டாம். "மேலேருந்து நல்ல வெள்ளம் ஒண்ணு வரணும், சாமி. அப்பத்தான் வாய் திறக்கும்" என்றார் மூத்தவர்.

எங்கள் சிறுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். உபதேசியார் கையிலிருந்த வெற்றிலைப் பொதியைப் பிரித்து மீனவருக்குக் கொடுத்தார். ஒருவர் காம்பு கிள்ளிச் சுண்ணாம்பு தடவியவாறே, "ஆத்தூர்க் கொடியா? இப்ப இது கிடைக்கிறதே அரிது" என்றார்.

பேருந்துக்குக் காத்திருந்தபோது சிறுவருள் இளையவன் மெல்லக் கேட்டான்: "சாமி, நாளைக்கு மன்றாட்டுல நான்தான் வாசிக்கணும். வெள்ளம் வேணும்னு கேக்கவா, வேண்டாம்னு கேக்கவா?"

உபதேசியார் எங்களை நோக்கினார். நாங்கள் பேருந்து வரும் திசையை நோக்கினோம்.