நூல் ஒன்று இல்லம் நுழையும்போது

மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணல் பார்வைக்கு ஒரே தன்மையதாகவே தோன்றும். 1909ஆம் ஆண்டில் ஷாம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார் இம்மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். அதன்பின் இதனைப் பிரித்தெடுக்கும் தொழில் இங்கு வேரூன்றிற்று. இல்மனைட், சிர்க்கான், மோனசைட் எனப் பிரித்த பின்னரே எது பயன் தரும், எதனைக் கவனமாகக் கையாள வேண்டும் என்பது விளங்கும். நூல்களும் அத்தகையனவே என்பதை நாங்கள் தாமதமாகவே உணர்ந்தோம்.

எங்கள் இல்லத்தில் நூல் தெரிவு ஒரு காலத்தில் மிக எளிது. அட்டையில் சிலுவை இருந்தால் நல்ல நூல், இல்லையேல் ஐயத்திற்குரியது. இவ்விதிப்படி, மகள் நூலகத்திலிருந்து கொணர்ந்த நாவலொன்றைப் பாதி வாசிப்பில் பறித்துத் திருப்பி அனுப்பினோம். அயலூர்த் திருவிழாக் கடையில் வாங்கிய சிறு பக்தி ஏட்டையோ, பிரித்தும் பாராது அவள் கையில் கொடுத்தோம்.

அந்நாள்களில் பாட்டி நோயுற்றுப் படுக்கையில் இருந்தார்கள். ஓர் இரவு செபமாலை முடிந்ததும் மகள் எங்களிடம் மெல்லக் கேட்டாள்: "பாட்டி என்ன பாவம் செய்தாங்க?"

நாங்கள் திகைத்துப் போனோம். நோய் அனைத்தும் பாவத்தின் தண்டனை என்று அந்த ஏடு அவளுக்குக் கற்பித்திருந்தது. பல நாள்களாக அவள் பாட்டியின் அறைக்குள் செல்லாதிருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

உடனே யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தை வாசித்தோம். பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு சீடர்கள் எழுப்பிய வினாவும் இதுவேயன்றோ! எவர் செய்த பாவமும் அதற்குக் காரணமன்று என ஆண்டவர் மறுத்தார். மறுநாள் காலை, பாட்டிக்குரிய கஞ்சியை மகளே எடுத்துச் சென்றாள்.

நல்ல நூலின் ஆற்றலைத் திருச்சபை நன்கறியும். 1521இல் காயமுற்றுப் படுத்திருந்த இஞ்ஞாசியார் வீரசாகசக் கதைகளைக் கேட்டார். அவை கிடைக்காமையால் கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறும் அவர் கைக்கு வந்தன. அவர் வாழ்வே திசைமாறிற்று. அவர் நிறுவிய இயேசு சபையைச் சேர்ந்த அண்டிரிக் அடிகளார், 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்கத் தமிழ் நூலை அச்சேற்றினார். 1586இல் 'அடியார் வரலாறு' வெளிவந்தது. நம் கடற்கரை மக்களின் கையில் நல்ல நூலைத் தரவேண்டும் என்ற ஏக்கம் அத்துணைப் பழமையானது.

தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலுக்கு இருந்த சட்ட வலிமையை 1966இல் திருச்சபை நீக்கிற்று. நூலைத் தேரும் பொறுப்பு குறையவில்லை. அது நம் மனச்சான்றின்மேல் முன்னிலும் கனமாக விழுந்தது. ஆகவே, இப்போது எந்நூலையும் முதலில் நாங்கள் வாசிக்கிறோம். இது காட்டும் கடவுள் நற்செய்தியின் தந்தையா? வாசித்து முடித்தபின் அயலாரிடம் அன்பு வளருமா, அச்சம் வளருமா? இவ்விரு வினாக்களே எங்கள் சல்லடை.

திருப்பி அனுப்பிய நாவலை நாங்களே சென்று மீண்டும் எடுத்துவந்து வாசித்தோம். கிறிஸ்துவின் பெயர் அதில் எங்குமில்லை; ஆயினும், பிறர் துயரைத் தன் துயராய்ச் சுமந்த ஓர் ஏழைத் தாய் அதில் இருந்தாள். மகளிடம் மன்னிப்புக் கேட்டு அதனைத் தந்தோம். பாட்டி இறைவனடி சேரும் நாள்வரை, மாலைதோறும் நற்செய்தியில் ஒரு பகுதியையும் அந்நாவலில் ஓர் அதிகாரத்தையும் அவள் வாசித்துக் காட்டினாள். பாட்டி இரண்டையும் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.